ராஜகிரி அடிவாரத்துல உங்க பேஜ் எத்தனை விநாடியில திறக்கும்?

இந்த இதழ்ல நாம பார்க்கப் போறது வெப்சைட் வேகம். "அதான் லைட்ஹவுஸ் இருக்கே, ரன் பண்ணா ஸ்கோர் வந்துடும்"னு நினைக்கிறவங்களும் கொஞ்சம் பொறுமையா படிங்க. ஸ்கோரை விட முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு.

உதாரணத்துக்கு எங்க ஊர் செஞ்சியையே எடுத்துக்கலாம். 2025 ஜூலை 11 அன்னிக்கு பாரிஸ்ல நடந்த யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் குழுவோட 47வது கூட்டத்துல, மராத்திய ராணுவ நிலப்பரப்புகள்ங்கற பேர்ல 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தாங்க. அதுல 11 மகாராஷ்டிராவுல இருக்கு. மிச்சம் ஒண்ணு தமிழ்நாட்டுல இருக்கற செஞ்சிக்கோட்டை.

இப்படி ஒரு பேர் கிடைச்ச ஊரைப் பத்தி ஆளுங்க எங்கே தேடுவாங்க? போன்லதான். திண்டிவனத்துல இருந்தோ திருவண்ணாமலையில இருந்தோ பஸ்ல வர்ற ஒருத்தர் ஜன்னல் ஓரமா உட்கார்ந்து தேடுறார்னு வெச்சுப்போம். அவருக்கு வேண்டியது நாலே விஷயம். கோட்டை எத்தனை மணிக்குத் திறக்கும், ராஜகிரி ஏற எவ்வளவு நேரம் ஆகும், சாப்பாடு எங்கே கிடைக்கும், ஆட்டோவுக்கு யாரைக் கூப்பிடணும். அவர் ஒரு பேஜைத் தட்டுறார். வெள்ளை ஸ்கிரீன். அஞ்சு விநாடி ஆகுது. இன்னும் வெள்ளை ஸ்கிரீன். அவர் பேக் பட்டனை அழுத்திட்டுப் போயிடுறார். அந்தப் பேஜ்ல போன் நம்பர் போட்டு வெச்சிருந்த மெஸ்காரருக்கு, ஒரு கஸ்டமர் வந்துட்டுப் போனதே தெரியாது.

அந்த வெள்ளை ஸ்கிரீன் ஏன் வருது, அதை எப்படிக் குறைக்கறது? இதுதான் இன்னிக்குப் பாடம். "செஞ்சிக்கோட்டை கைடு"ன்னு நாமளே ஒரு பேஜ் செய்யறதா வெச்சுட்டு ஒவ்வொரு படியா போவோம்.

1. தட்டினதும் என்ன நடக்குது?

ராஜகிரி ஏறினவங்களுக்குத் தெரியும், நேரா உச்சிக்குப் போயிட முடியாது. சுமார் 800 அடி உயரம், வழியில ஒண்ணு மாத்தி ஒண்ணா வாசல்கள். பிரவுசரும் அப்படித்தான் போகுது.

முதல்ல பேரை வெச்சு அட்ரஸ் கண்டுபிடிக்கணும், அது டிஎன்எஸ். அடுத்து சர்வரோட "இருக்கியா, இருக்கேன்"னு ஒரு கைகுலுக்கல், அது டிசிபி. அப்புறம் பாதுகாப்புக்காக இன்னொரு கைகுலுக்கல், அது டிஎல்எஸ். இவ்வளவும் முடிஞ்ச பிறகுதான் "அந்தப் பேஜைக் கொடு"ன்னே கேட்க முடியும். டிஎன்எஸ் பெரும்பாலும் பக்கத்துலயே முடிஞ்சிடும். மத்த மூணுக்கும் சர்வர் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரணும்.

இந்தப் போக்குவரத்துக்கு ஒரு கணக்கு இருக்கு. கண்ணாடி இழைக்குள்ள ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அமெரிக்காவுல வர்ஜீனியாவுல இருக்கற சர்வர் இங்கேயிருந்து சுமார் 14,000 கிலோமீட்டர். போக 70 மில்லிசெகண்ட், வர 70. ஆக மொத்தம் 140. இதுக்குக் கீழே யாராலயும் கொண்டுவர முடியாது, இயற்பியல் விடாது. நிஜத்துல கேபிள் வளைஞ்சு வளைஞ்சு போகுது, நடுவுல ரவுட்டர்கள், கடைசியில மொபைல் டவர். அதனால 250 மில்லிசெகண்ட்னு வெச்சுப்போம். மூணு தடவைன்னா 750. முக்கால் விநாடி போயிடுச்சு, பேஜ் இப்பத்தான் வர ஆரம்பிக்குது.

அதே சர்வர் மும்பையில இருந்தா? மொபைல் நெட்வொர்க் தாமதத்தையும் சேர்த்து 50 மில்லிசெகண்ட்னு வெச்சா, மூணு தடவைக்கு 150. கோட்ல ஒரு எழுத்தைக்கூட மாத்தாம, சர்வர் இருக்கற இடத்தை மாத்தினதுக்கே 0.6 விநாடி மிச்சம்!

கிளவுட்ல சர்வர் எடுக்கும்போது ரீஜன் எதுன்னு கேட்கும். பல பேர் அதைப் படிக்காமலே நெக்ஸ்ட் தட்டிடுவாங்க. மும்பையையோ ஹைதராபாத்தையோ தேர்ந்தெடுங்க. புது ஹெச்டிடிபி 3 இருந்தா டிசிபி, டிஎல்எஸ் ரெண்டு கைகுலுக்கலும் ஒண்ணாயிடும், அதையும் ஆன் பண்ணி வைங்க.

"5ஜி வந்தாச்சு, இதெல்லாம் எதுக்கு?"ன்னு ஒரு கேள்வி வரும். 5ஜி ரோட்டை அகலமாக்கும். ஆனா வர்ஜீனியாவைச் செஞ்சிக்குப் பக்கத்துல கொண்டு வராது.

2. முதல் 14 கேபி

டிசிபி ரொம்ப ஜாக்கிரதையான ஆசாமி. எடுத்த உடனே எல்லா டேட்டாவையும் அனுப்பாது. முதல் ரவுண்டுல சுமார் 10 பாக்கெட்தான் அனுப்பும். மொத்தமா 14 கேபி அளவு. அது பத்திரமா போய்ச் சேர்ந்துச்சுன்னு பதில் வந்தா அடுத்த ரவுண்டுல இரட்டிப்பாக்கும். இதுக்குப் பேரு ஸ்லோ ஸ்டார்ட்.

இதுல இருந்து நமக்குக் கிடைக்கற பாடம் என்னன்னா, பஸ்ல வர்றவருக்கு வேண்டிய அந்த நாலு விஷயமும் முதல் 14 கேபிக்குள்ள இருந்துட்டா, முதல் ரவுண்டுலயே அவர் கைக்குப் போயிடும். படம், மேப், ஸ்லைடர் எல்லாம் பின்னாடி மெதுவா வரட்டும்.

"தமிழ்ல எழுதினா பேஜ் கனமாயிடுமே?"ன்னு சில பேர் கேட்பாங்க. ஓரளவுக்கு உண்மைதான். யுடிஎஃப்-8ல ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். 'செஞ்சி'ங்கறதை எடுத்துக்கோங்க. நம்ம கண்ணுக்கு மூணு எழுத்து. கம்ப்யூட்டருக்கு ச, எகரக் கொம்பு, ஞ, புள்ளி, ச, இகரக் குறின்னு 6 குறியீடு. 6 பெருக்கல் 3, மொத்தம் 18 பைட். ஆங்கிலத்துல இதே ஊர்ப் பேருக்கு 6 எழுத்து, 6 பைட் போதும்.

ஆனா பயப்பட வேண்டாம். தமிழ் எழுத்தோட மூணு பைட்ல முதல் பைட் எப்பவும் ஒரே மாதிரிதான் இருக்கும், ரெண்டாவதுல ரெண்டே வகைதான் வரும். திரும்பத் திரும்ப ஒரே விஷயம் வந்தா அதைச் சுருக்கறது ஜிஜிப், பிராட்லி மாதிரி கம்ப்ரெஷன் முறைகளுக்குக் கைவந்த கலை. சர்வர்ல கம்ப்ரெஷன் ஆன்ல இருக்கான்னு மட்டும் பாருங்க. நெட்வொர்க் பேனல்ல ஃபைலைத் தட்டி, ரெஸ்பான்ஸ் ஹெடர்ல கன்டென்ட் என்கோடிங் வரி இருக்கான்னு பார்த்தா தெரிஞ்சிடும்.

நீங்க படிக்கற இந்தக் கட்டுரை முழுசும் சுருக்காம இருந்தாலே 50, 60 கேபிதான் வரும். போன்ல எடுத்த ஒரே ஒரு போட்டோ இதை விட 60 மடங்குக்கு மேல இருக்கும். அதனால எடை கூடுதுன்னு தமிழைக் குறை சொல்லாதீங்க. குற்றவாளி அடுத்த பகுதியில வர்றார்.

3. போட்டோ

கல்யாண மகாலை ஒரு நல்ல போன் கேமராவுல எடுத்தா 4000க்கு 3000 பிக்சல், சுமார் 4 எம்பி. அதை அப்படியே பேஜ்ல போட்டா என்ன ஆகும்?

சுமாரான சிக்னல்ல விநாடிக்கு 2 மெகாபிட் கிடைக்குதுன்னு வெச்சுப்போம். 4 எம்பின்னா 32 மெகாபிட். ஒரு போட்டோவுக்கு 16 விநாடி. பத்து போட்டோ கேலரின்னா 160 விநாடி, அதாவது 2 நிமிஷம் 40 விநாடி! இத்தனைக்கும் பார்க்கறவர் போன் ஸ்கிரீனோட அகலம் பெரும்பாலும் 1080 பிக்சல்தான். மீதியை டவுன்லோட் பண்ணி, சுருக்கி, தூக்கிப் போடுது போன்.

மெமரி கணக்கும் பாருங்க. பிக்சலுக்கு 4 பைட். 4000 பெருக்கல் 3000 பெருக்கல் 4, ஒரு போட்டோவை விரிக்க 48 எம்பி ரேம். பழைய போன்ல ஸ்க்ரோல் பண்ணும்போது திக்கித் திணறுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

செய்ய வேண்டியது இதுதான்:

- அகலத்தை 1080 பிக்சலுக்குக் குறைச்சு, வெப்பி அல்லது ஏவிஃப் ஃபார்மட்ல சேமிங்க. கூகுளோட ஸ்க்வூஷ் டூல் பிரவுசர்லயே இதைச் செய்யும். 150 கேபிக்குக் கொண்டு வந்துட்டா அதே சிக்னல்ல ஒரு போட்டோ 0.6 விநாடி, பத்தும் சேர்ந்து 6 விநாடி.
- முதல் ஸ்கிரீன்ல தெரியாத போட்டோவுக்கெல்லாம் லோடிங் ஆட்ரிப்யூட்ல லேசின்னு போடுங்க. ஸ்க்ரோல் பண்ணி பக்கத்துல வந்தாத்தான் டவுன்லோட் ஆகும்.
- மேலே இருக்கற பெரிய போட்டோவுக்கு மட்டும் லேசி போடாதீங்க. அது சீக்கிரம் வரணும்.
- ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் ரெண்டையும் எச்டிஎம்எல்லயே சொல்லிடுங்க. பிரவுசர் முன்கூட்டியே இடம் ஒதுக்கி வைக்கும், பேஜ் குதிக்காது.

4. ஃபான்ட்: தமிழ் பேஜுக்குன்னே ஒரு பிரச்சனை

இங்கிலீஷ் டுடோரியல்ல இதைப் பெரும்பாலும் சொல்ல மாட்டாங்க. அழகான தமிழ் ஃபான்ட் போட்டிருப்போம். அது வந்து சேர்ற வரைக்கும் பிரவுசர் எழுத்தையே காட்டாம சில சமயம் 3 விநாடி வரைக்கும் காத்திருக்கும். எச்டிஎம்எல் வந்தாச்சு, திறக்கற நேரமும் அதுக்குள்ள இருக்கு, ஆனா கண்ணுக்குத் தெரியல! சிஎஸ்எஸ்ல ஃபான்ட் டிஸ்ப்ளேவுக்கு ஸ்வாப்னு போட்டா, போன்ல ஏற்கெனவே இருக்கற ஃபான்ட்ல உடனே காட்டிட்டு அப்புறமா மாத்திக்கும்.

இன்னும் எளிய வழி ஒண்ணு இருக்கு. ஆண்ட்ராய்டுலயும் ஐபோன்லயும் தமிழ் ஃபான்ட் ஏற்கெனவே இருக்கு. தலைப்புக்கு மட்டும் உங்க ஃபான்டைப் போட்டு, உள்ளடக்கத்துக்கு போனோட ஃபான்டையே விட்டுடுங்க.

ஃபான்ட் ஃபைலைச் சின்னதாக்க, வேண்டாத எழுத்துகளை வெட்டற வழக்கமும் உண்டு. தமிழ்ல இதைக் கவனமா செய்யணும். கு, டி, மூ மாதிரி எழுத்துகளுக்கு ஃபான்டுக்குள்ள தனி வடிவங்கள் இருக்கும். எந்தக் குறியீடுகள் சேர்ந்தா எந்த வடிவம் வரணும்ங்கற விதிகளும் இருக்கும். அந்த விதிகளையும் சேர்த்து வெட்டிட்டா எழுத்து தனித்தனியா உடைஞ்சு நிக்கும். வெட்டின பிறகு ஒரு முழுப் பத்தியை எடுத்துக் கண்ணால படிச்சுப் பாருங்க.

5. ஜாவாஸ்கிரிப்ட்: ஒத்தையடிப் பாலம்

ராஜகிரி உச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி பாறையில ஆழமான பிளவு ஒண்ணு வரும். அதைத் தாண்ட ஒரு பாலம். அதை விட்டா வேற வழி கிடையாது. பாலத்துல ஒருத்தர் உட்கார்ந்துட்டா பின்னாடி வர்ற எல்லாரும் நிக்க வேண்டியதுதான். எதிரியைத் தடுக்க அது ரொம்ப நல்ல ஏற்பாடு. நம்ம பேஜுக்கு வர்றவர் எதிரி கிடையாதே!

ஹெட் பகுதியில சும்மா ஒரு ஸ்கிரிப்ட் டேக் போட்டா இதேதான் நடக்கும். அந்த ஃபைல் வந்து, ஓடி முடியற வரைக்கும் பிரவுசர் கீழே இருக்கற எச்டிஎம்எல்லைத் தொடாது. டிஃபர்னு ஒரு வார்த்தை சேர்த்தா பாலம் காலியாயிடும். எச்டிஎம்எல் முழுசா முடிஞ்ச பிறகு ஸ்கிரிப்ட் ஓடும்.

இன்னொரு விஷயம். 300 கேபி போட்டோவும் 300 கேபி ஜாவாஸ்கிரிப்டும் ஒண்ணு கிடையாது. போட்டோவை விரிச்சுக் காட்டினா வேலை முடிஞ்சுது. ஸ்கிரிப்டைப் படிக்கணும், கம்பைல் பண்ணணும், ஓட்டணும். உங்க லேப்டாப்ல கண் சிமிட்டற நேரத்துல முடியறது, விலை குறைஞ்ச போன்ல பல மடங்கு நேரம் எடுக்கும். அந்த நேரம் முழுக்கத் தட்டினாலும் பேஜ் அசையாது.

நம்ம கைடு பேஜுக்கு ரியாக்ட் வேணுமா? நாலு தகவல், பத்து போட்டோ. வேண்டாம். மேப்பை உள்ளே எம்பெட் பண்ணணுமா? மேப்போட ஒரு சின்னப் படத்தைப் போட்டு, தட்டினா மேப் ஆப் திறக்கற மாதிரி லிங்க் கொடுத்தா போதும். எப்படியும் வழி பார்க்க அவர் ஆப்லதான் போகப் போறார்.

6. கேஷ்: கோட்டைக்குள்ள களஞ்சியம்

1690ல இருந்து 1698 வரைக்கும் முகலாயப் படை செஞ்சியை முற்றுகை போட்டுது. உள்ளே ராஜாராம், வெளியே சுல்பிகர் கான். இத்தனை வருஷம் ஒரு கோட்டை தாங்கணும்னா சாப்பாடும் தண்ணியும் உள்ளேயே இருக்கணும். இன்னிக்கும் அங்கே போனா பெரிய பெரிய களஞ்சியங்களையும் குளங்களையும் பார்க்கலாம்.

கேஷ் அதே யோசனைதான். ஒரு தடவை வந்த லோகோ, ஃபான்ட், சிஎஸ்எஸ் எல்லாத்தையும் போன்லயே வெச்சுக்கோன்னு சர்வர் சொல்லணும். கேஷ் கன்ட்ரோல் ஹெடர்ல மேக்ஸ் ஏஜ் ஒரு வருஷம்னு போடுங்க. ஃபைலை மாத்தும்போது பேரையும் மாத்துங்க, இல்லைன்னா பழசே வந்து நிக்கும். எச்டிஎம்எல்லுக்கு மட்டும் நீண்ட காலம் வேண்டாம், நேரம் மாறினா உடனே தெரியணும். ஊர் ஊரா களஞ்சியம் வைக்கற மாதிரி, பல நகரங்கள்ல நகல் வெச்சிருந்து பக்கத்துல இருக்கறதைக் கொடுக்கறதுதான் சிடிஎன்.

சர்வீஸ் வொர்க்கர் போட்டா இன்னும் ஒரு படி மேலே போகலாம். அடிவாரத்துல ஒரு தடவை திறந்தவருக்கு, மேலே ஏறும்போது சிக்னல் போனாலும் பேஜ் திறக்கும்.

7. எங்கே அளக்கறது?

கூகுள் மூணு அளவுகோல் வெச்சிருக்கு. முக்கியமான பெரிய பகுதி 2.5 விநாடிக்குள்ள தெரியணும், அது எல்சிபி. தட்டினா 200 மில்லிசெகண்டுக்குள்ள பேஜ் அசையணும், அது ஐஎன்பி. 2024 மார்ச்ல பழைய எஃப்ஐடிக்குப் பதிலா வந்தது. படிக்கும்போது பேஜ் குதிக்கறது 0.1ஐத் தாண்டக் கூடாது, அது சிஎல்எஸ். மெஸ் நம்பரைத் தட்டப் போறீங்க, மேலே ஒரு பேனர் வந்து எல்லாத்தையும் கீழே தள்ளி, வேற எதையோ தட்டிடறீங்க இல்லையா, அந்தக் கடுப்புக்கு ஒரு நம்பர் கொடுத்திருக்காங்க.

இதுல கவனிக்க வேண்டியது, சராசரியைப் பார்க்க மாட்டாங்க. நாலு வருகையில மூணாவது இந்த அளவுக்குள்ள இருக்கணும். ஹாஸ்டல் வைஃபைல இருக்கற ஒருத்தருக்கு வேகமா இருந்து, பஸ்ல இருக்கற மூணு பேருக்கு மெதுவா இருந்தா ஃபெயில்தான்.

அதனால டெவ்டூல்ஸ்ல நெட்வொர்க் பேனல் போய், டிசேபிள் கேஷ் டிக் பண்ணி, 3ஜி வேகத்துக்கு இறக்கிட்டுப் பாருங்க. அப்புறம் வீட்ல இருக்கறதுலயே பழைய போனை எடுத்து, வைஃபையை ஆஃப் பண்ணிட்டுப் பாருங்க. லைட்ஹவுஸ் ஸ்கோர் 95 வந்தாலும் அந்தப் போன்ல திறக்கலைன்னா அந்த 95ஐ வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது.

8. டேட்டா முடிஞ்சவருக்கு

கடைசியா ஒரு கணக்கு. "மச்சி டேட்டா முடிஞ்சிடுச்சு, ஹாட்ஸ்பாட் போடு"ன்னு சொல்லாத ஆள் நம்ம பேட்ச்ல உண்டா? பல ரீசார்ஜ் பேக்குல அன்னிக்கு டேட்டா தீர்ந்ததும் நெட் முழுசா நிக்காது, 64 கேபிபிஎஸ் வேகத்துக்கு இறங்கிடும்.

அந்த வேகத்துல, பத்து பெரிய போட்டோ போட்ட 40 எம்பி பேஜ் முழுசா வர 5000 விநாடி ஆகும். 83 நிமிஷம். ராஜகிரியே ஏறிடலாம். அதே வேகத்துல, தேவையான தகவலை எழுத்தா வெச்ச 14 கேபி, 2 விநாடிக்குள்ள வந்துடும். கைகுலுக்கல் நேரத்தைச் சேர்த்தாலும் பஸ்ல இருக்கறவர் பொறுத்துக்கற நேரம்தான்.

இது டூரிஸ்டுக்கு மட்டும் இல்ல. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் மூட்டை ஏத்தறதுக்கு முன்னாடி விலையை போன்ல பார்க்க நினைக்கற விவசாயி, ஸ்காலர்ஷிப் ஃபார்ம் கடைசி நாள்ல போடற தங்கச்சி, ராத்திரி ரிசல்ட் பார்க்கற நம்ம ஜூனியர் எல்லாருக்கும் இதே கணக்குதான். பேஜ் கனமா இருந்தா அதுக்கான காசையும் நேரத்தையும் கொடுக்கறது அவங்க. கனமாக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்றது நாம. இன்னும் சில மாசத்துல நம்மள்ல பல பேர் அந்த முடிவைச் சம்பளம் வாங்கிட்டே எடுக்கப் போறோம்.

அதனால இந்த வாரம் உங்க ப்ராஜெக்ட் பேஜைத் திறந்து, இந்த வரிசையில வேலையை ஆரம்பிங்க:

1. பயனருக்கு முதல்ல வேண்டிய தகவலை எச்டிஎம்எல்ல எழுத்தாவே, மேலேயே வைங்க.
2. கம்ப்ரெஷன் ஆன் பண்ணுங்க.
3. போட்டோ எல்லாத்தையும் 1080க்குச் சுருக்குங்க, கீழே இருக்கறதுக்கு லேசி போடுங்க.
4. ஸ்கிரிப்டுக்கு டிஃபர், ஃபான்டுக்கு ஸ்வாப்.
5. சர்வரை இந்தியாவுக்குக் கொண்டு வாங்க, கேஷ் ஹெடர் போடுங்க.
6. பழைய போன்ல, மொபைல் டேட்டாவுல திறந்து பாருங்க.

முதல் மூணுக்கு ஒரு சாயங்காலம் போதும். செஞ்சுட்டு, முன்னாடி எத்தனை விநாடி, பின்னாடி எத்தனை விநாடின்னு எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த இதழ்ல போடுறோம்.